குடைவுளியின் முனைப்பிடி: வாங்குவதா, செய்துகொள்வதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், கடைசல் கொட்டகை நண்பர்கள் நால்வர் சார்பில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசுவோரும் இசை பாடுவோரும் ஏறிய மேடை இது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறை நீங்காத எங்களையும் இதில் ஏற்றிவிட்டார் நம் செயலாளர். பேசத் தெரியாது என்று மறுத்துப் பார்த்தோம். "உண்டியலைச் செய்தவர்கள்தாம் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்" என்று அவர் விடவில்லை. ஆகவே நாங்கள் நால்வரும் பேச நினைத்ததை எங்களுள் குரல் சற்று உரத்தவர் பேசுகின்றார். பிழை இருப்பின் நால்வரையும் பொறுத்தருள்க.

மண்டபத்தின் வாயிலில், மாணவர் கல்வி நிதிக்காக வைத்துள்ள மர உண்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடத்தைப் போல வயிறு பெருத்து, வாய் சிறுத்திருக்கிறது. வாயின் அகலம் 45 மில்லிமீட்டர். வயிற்றின் அகலம் 200. பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்களைக் கேட்ட கேள்வி ஒன்றே: "இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, பிறகு ஒட்டினீர்களா?" இல்லை. அது முழு மரம். அந்தச் சிறு வாய் வழியாகவே உளியை விட்டு, உள்ளே இருந்த மரம் முழுவதையும் சீவி எடுத்தோம். அவ்வாறு எடுக்க உதவியது கட்டைவிரல் அளவே உள்ள ஓர் இரும்புப் பகுதி. அதைக் குறித்துத்தான் இன்று பேச விழைகின்றோம்.

கடைசல் நமக்குப் புதிய தொழில் அன்று. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளை வைத்து விளையாடாத பாட்டிமார் இந்த அவையில் எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள்? நாம் வாழும் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சன்னபட்டணத்தில், வெப்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்கை அழுத்தி, உராய்வின் சூட்டிலேயே வண்ணம் ஏற்றும் கைவினைஞர்களை நம்மில் பலர் பார்த்திருக்கின்றோம். அவர்கள் குங்குமச் சிமிழும் குடைகிறார்கள். ஆனால் சிமிழ் வாயகன்றது. நேரான உளியை நேராக விட்டால் போதும். வெட்டும் இடமும் கண்ணுக்குத் தெரியும். வாய் குறுகி வயிறு பெருத்த கலத்தில் இரண்டும் இல்லை. உளியின் முனை தாங்கியைத் தாண்டி ஒரு சாண் தொலைவில், இருட்டில் வேலை செய்கிறது. கடைபவர் கைக்கு வரும் அதிர்வையும் காதுக்கு வரும் ஓசையையும் நம்பியே வேலை நடக்கிறது.

இவ்வகைக் கலங்களை இக்காலத்தில் பெரிதும் பரவச் செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான டேவிட் எல்ஸ்வொர்த். 1970களில், சிறு துளை வழியாக வளைந்த உளிகளை விட்டு மெல்லிய சுவருள்ள மரக்கலங்களைக் கடைந்து காட்டினார். 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு மரக்கடைசலர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது முதல் தலைவரும் அவரே. (சங்கம் வைப்பதில் நமக்கு மட்டும்தான் ஆர்வம் என்று எண்ணியிருந்தோம்!)

குடைவுளியின் அமைப்பை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நீண்ட கைப்பிடி, அதில் செருகிய உருண்டையான எஃகுத் தண்டு, தண்டின் நுனியில், வெட்டும் சிறு துண்டைப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடி. வெட்டும் துண்டைப் பட்டறையில் பிட் என்பார்கள். அதைப் பற்றும் பகுதியை ஹோல்டர் என்பார்கள். நாங்கள் அதற்கு முனைப்பிடி என்று பெயர் வைத்துக்கொண்டோம். தேய்ந்தால் பிட்டை மட்டும் மாற்றலாம், தண்டு நிலைத்திருக்கும் என்பதே இதன் பயன்.

இனி மரத்தின் கதைக்கு வருகின்றோம். நம் நூலகத்தின் முன்னால் நின்ற மாமரம் 2023ஆம் ஆண்டு மே மாதத்துக் காற்றுமழையில் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காலனி தோன்றிய நாளில் குடியேறிய மூத்தவர்கள் நட்ட மரம் அது. நட்டவர்களில் இன்று எவரும் இல்லை. விறகுக்கு ஏற்றிச் செல்ல வண்டி வந்து நின்றபோது, அடிமரத்தில் மூன்று துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம். வெளிப்புறத்தை முரடாகக் கடைந்து, நடுவில் துளையிட்டு, வெட்டுவாய்களில் மெழுகு பூசி, காகிதத்தில் பொதிந்து ஓராண்டு நிழலில் வைத்தோம். பிரித்துப் பார்த்தபோது ஒன்று மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. மீதி இரண்டு.

எங்களிடம் அதுவரை குடைவுளி இல்லை. எங்களுள் இருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டூல் ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஆயினும் ஓய்வு பெற்ற மனம் சோம்பலை நாடுமல்லவா? இணைய அங்காடியில் ஒன்றை வாங்கினோம். கடையின் பெயர் இங்கு வேண்டாம். பார்வைக்கு மிக அழகு: பளபளப்பான 12 மில்லிமீட்டர் தண்டு, நுனியில் சதுர பிட், அதை இறுக்க ஒரு சிறு திருகு.

முதல் மூன்று அங்குல ஆழம் வரை குறையொன்றும் இல்லை. அதன்பின் உளி பாடத் தொடங்கியது. அது பாடினால் நல்லதன்று. தண்டு நடுங்குகிறது என்று பொருள். நாங்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மேலும் உள்ளே செலுத்தினோம். ஐந்தாவது அங்குலத்தில் திருகு தளர்ந்து, பிட் குறுக்கே திரும்பி, மரத்தைக் கொத்திவிட்டது. கண் இமைப்பதற்குள் குடத்தின் தோள் பெயர்ந்து, ஒரு பெருந்துண்டு கடைந்துகொண்டிருந்தவரின் முகத்தை நோக்கி வந்தது. அவர் அணிந்திருந்த முகக்கவசம் விரிந்தது, முகம் பிழைத்தது. அன்று மாலை அவர் இல்லத்தரசியார் கொட்டகைக்கு வந்து, எங்களைப் பாராமல், எந்திரத்தைப் பார்த்துச் சொன்னார்: "உண்டியல் கடையிலே கிடைக்கிறது. கண் கிடைக்காது." எங்களிடம் மறுமொழி இல்லை. கொட்டகையை ஒரு மாதம் பூட்டி வைத்தோம்.

மரம் ஒன்றே ஒன்று மீந்திருந்தது. பழி யாருடையது என்று தெரியாமல் அதன்மேல் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

உளியைக் கழற்றி அளந்தோம். பிட் 3/16 அங்குலச் சதுரம். அதற்கான துளை 6.8 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர்த் தண்டில் அத்துளை போக, இருபுறமும் மீந்த சுவர் 2.6 மில்லிமீட்டர். அந்தச் சுவரில் வெட்டிய எம்4 திருகுக்கு நான்கு மரைகூடப் பிடிப்பு இல்லை. அவற்றிலும் இரண்டு மழுங்கிவிட்டிருந்தன. அதைவிடப் பெரிய குறை, திருகு கீழ்ப்புறத்தில் இருந்தது. சுழலும் மரம் பிட்டைக் கீழ்நோக்கியே அழுத்தும். அந்த அழுத்தம் முழுவதையும் தண்டின் உடல் தாங்குவதற்குப் பதிலாக அந்தச் சின்னத் திருகு தாங்கிக்கொண்டிருந்தது. விற்றவரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. வாங்கியவுடன் இதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். முப்பது ஆண்டுகள் பிறர் செய்த கருவிகளைச் சோதித்துத் தள்ளியவர்கள், சொந்தக் காசில் வாங்கியதைச் சோதிக்கவில்லை.

தண்டின் பருமனைப் பற்றி எங்களுக்குப் பாடம் சொன்னவர் பொறியியல் பயிலும் எங்கள் பேத்தி. "தாத்தா, தாங்கிக்கு வெளியே நீளும் அளவு இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். மூன்றங்குலத்தில் சரியாக இருந்தது ஆறங்குலத்தில் நடுங்கத்தானே செய்யும்?" என்றாள். உண்மைதான். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பக் குறைகிறது. 12 மில்லிமீட்டர்த் தண்டுக்குப் பதில் 20 மில்லிமீட்டர்த் தண்டு எடுத்தால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு கூடும். நீளம் இரட்டித்ததால் இழந்ததைப் பருமன் ஏறக்குறைய முழுவதும் மீட்டுத் தருகிறது. 45 மில்லிமீட்டர் வாயில் 20 மில்லிமீட்டர்த் தண்டு தாராளமாக நுழையும். மெல்லிய தண்டை வாங்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இருந்ததில்லை.

இந்த இடத்தில் எங்கள் நால்வருக்குள் கருத்து வேறுபாடு தோன்றியது. வெளிநாட்டிலிருந்து உயர்ந்த முனைப்பிடி ஒன்றை வரவழைப்போம் என்றனர் இருவர். விலையோடு சுங்கமும் சேர, அது நால்வர் ஓய்வூதியத்திலும் ஒரு பள்ளம் தோண்டும். நாமே செய்வோம் என்றனர் மற்ற இருவர். ஒரு வாரம் தேநீர் வேளைகள் கசந்தன. முடிவில், செய்வது தோற்றால் வாங்குவது என்று உடன்பட்டோம்.

எஃகுக்கு எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளில் அலைந்தோம். சாதாரண மைல்டு ஸ்டீலும் உதவும். ஆனால் திருகை நூறு முறை தளர்த்தி இறுக்கினால் அதில் மரை விரைவில் தேயும். இஎன்8 என்னும் வகையில் 20 மில்லிமீட்டர்த் தண்டு கிடைத்தது. பீன்யாவில் சிறு பட்டறை நடத்தும் பழைய தோழர் ஒருவர் ஞாயிறுகளில் தம் லேத்தைத் தந்தார். வாடகை கேட்கவில்லை, வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி கேட்டார்.

புதியவர்களை மலைக்க வைப்பது சதுர பிட்டுக்குச் சதுரத் துளை இடுவது எப்படி என்பது. சதுரத் துளையே வேண்டாம் என்பதுதான் விடை. 3/16 அங்குலச் சதுரத்தின் பக்கம் 4.76 மில்லிமீட்டர், அதன் மூலைவிட்டம் 6.73. ஆகவே 6.8 மில்லிமீட்டர் உருண்டைத் துளை இட்டால், பிட் தன் நான்கு மூலைகளால் துளையின் சுவரைத் தொட்டபடி அசையாமல் உட்காரும். 6.8 ட்ரில் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியதில்லை. எம்8 மரை வெட்டுவதற்கு முன் இடும் துளையின் அளவும் அதுவே. எந்த ஃபிட்டரின் பெட்டியிலும் இருக்கும். அங்குல ட்ரில் வைத்திருப்பவர்கள் 17/64 எடுத்துக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: கடைக்காரர் "இரண்டும் ஒன்றுதான் சார்" என்று 5 மில்லிமீட்டர் பிட்டைக் கொடுத்துவிடுவார். அதன் மூலைவிட்டம் 7.07, இந்தத் துளையில் நுழையாது. நாங்கள் இரண்டு வாங்கி ஏமாந்தோம்.

முதல் முனைப்பிடியைத் தண்டிலேயே அமைத்தோம். நுனியில் 40 மில்லிமீட்டர் நீளத்தை 16 மில்லிமீட்டருக்குக் கடைந்து குறைத்து, நடுவில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டோம். சுற்றுச்சுவர் 4.6 மில்லிமீட்டர். எம்5 திருகுக்கு இப்போது ஐந்து மரைக்கு மேல் பிடிப்பு. திருகை மேற்புறத்தில் வைத்தோம். வெட்டும் விசையைத் தண்டே தாங்குகிறது, திருகு பிட்டை நழுவாமல் காப்பதோடு சரி. மேற்புறத் திருகில் ஒரு தொல்லை உண்டு. அதன் ஆலன் குழியில் மரத்தூள் இறுகிவிடும், சாவி நுழையாது. வேலைக்கு முன் அக்குழியில் மெழுகுவத்தியைச் சிறிது உருக்கி விட்டால் தூள் ஏறாது. குண்டூசியால் மெழுகைக் கிளறி எடுத்துக்கொள்ளலாம்.

நேரான முனைப்பிடி குடத்தின் அடிக்கு உதவும். தோளின் உட்புறத்துக்கு எட்டாது. அதற்கு 45 பாகைச் சாய்வில் துளையிட்ட இரண்டாவது ஒன்று வேண்டும். இங்குதான் எங்கள் அனுபவப் பெருமை சற்று அடிபட்டது. உருண்டைத் தண்டின்மேல் சாய்வாக வைத்த ட்ரில் வழுக்கி ஓடி ஒடிந்தது. பணி நாள்களில் எந்தப் பயிற்சிப் பையனாவது இப்படிச் செய்திருந்தால் அன்று முழுவதும் திட்டியிருப்போம். துளை வரும் இடத்தை முதலில் அரத்தால் தட்டையாக்கி, சென்டர் ட்ரில் கொண்டு தொடங்கிய பிறகே 6.8 ட்ரில்லை இறக்க வேண்டும். அவ்வாறே செய்தோம். இந்தத் துளை மறுபுறம் திறந்திருப்பதால், சிக்கிய பிட்டைப் பின்னாலிருந்து தட்டி எடுக்கலாம் என்பது எதிர்பாராத நன்மை. திருகே வேண்டாம், உடனொட்டிப் பசையால் பிட்டை ஒட்டிவிட்டு, கழற்ற வேண்டும்போது சூடேற்றலாம் என்பாரும் உளர். எங்களுக்கு அது மனம் ஒப்பவில்லை.

பிட்டைத் தீட்டுவதில் பெரிய மறைபொருள் ஒன்றும் இல்லை. நுனியை விரல்நகம் போல் வளைத்து, கீழ்ப்புறம் மரத்தில் உரசாதபடி சாய்வு கொடுத்தால் போதும். பிடிக்கு வெளியே 10 மில்லிமீட்டருக்கு மேல் நீளவிடுவதில்லை என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொண்டோம்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாவது மரத்தை எந்திரத்தில் ஏற்றினோம். அடிபட்டவரே கடைவேன் என்று நின்றார். இல்லத்தரசியார் நாற்காலி போட்டு எதிரே அமர்ந்துகொண்டார். பிட்டின் முனை மரத்தின் மையக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருக்குமாறு தாங்கியின் உயரத்தை அமைத்தோம். உட்புறம் குடையும்போது அதற்குக் காரணம் உண்டு. முனை மையத்துக்கு மேலே இருந்து, பாரத்தால் சற்றே தாழ்ந்தால், சுவர் அதைவிட்டு விலகிப்போகிறது; முனை தானே விடுபடும். மையத்துக்குக் கீழே இருந்து தாழ்ந்தால் சுவர் நெருங்கி வரும், கொத்தும்.

பிறகு பொறுமை. சிறு வாயாதலால் சீவல் வெளியே வர வழியில்லை. உள்ளே நிறைந்து தண்டையே நெருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எந்திரத்தை நிறுத்தி, சீவலை ஊதி வெளியேற்றினோம். சுழலும்போது விரலை உள்ளே விட்டவர் கடைசல்காரராக நீடிக்கமாட்டார். சுவரின் கனத்தை வளைந்த கேலிப்பரால் அளந்தோம். கனம் குறையக் குறைய வெட்டும் ஓசை மாறிக்கொண்டே வந்தது. 8 மில்லிமீட்டரில் நிறுத்தினோம். உண்டியலுக்கு அதற்கு மேல் மெலிவு தேவையில்லை, பிள்ளைகள் காசு போட்டுவிட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். நான்கு ஞாயிறுகள் பிடித்தன. திருகு ஒருமுறைகூடத் தளரவில்லை.

வாங்குவதை நாங்கள் அடியோடு வெறுப்பதாக எண்ண வேண்டாம். வட்டமான கார்பைடு முனைகளுக்கு உரிய பிடியை வாங்குவதே மேல் என்பது இப்போது எங்கள் நால்வரின் ஒருமித்த அபிப்பிராயம். கார்பைடு மிகக் கடினம். ஆனால் நொறுங்கும் இயல்புடையது. அது உட்காரும் மேடை முழுவதும் தட்டையாகவும் பிசிறின்றியும் இருக்க வேண்டும். நாங்கள் அரத்தால் ஒரு மேடை அமைத்துப் பார்த்தோம். ஓர் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தது போலும். திருகை இறுக்கிய முதல் நாளே முனை இரண்டாக விரிந்தது. மில்லிங் எந்திரம் கைவசம் உள்ளவர் செய்துகொள்ளட்டும். காலனியில் கணினித் துறையில் பணிபுரியும் தம்பி ஒருவர் நல்ல பிடி ஒன்று வாங்கி எங்களுக்கும் தந்தார். அதைக் குறைகூற எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை, முயன்று பார்த்தோம்.

வாங்கப் புறப்படுவோர் படத்தின் பளபளப்பைப் பாராமல் தண்டின் விட்டத்தைக் கேளுங்கள். திருகு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று முனை நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அளவுதானா என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் முனையென்றால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் உளி வெறும் தடியாகும். முகக்கவசத்தை அதே நாளில் வாங்குங்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

எங்கள் முதல் முனைப்பிடியை மேசைமேல் வைத்திருக்கின்றோம். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், பிட்டைக் கழற்றிவிட்டோம். பழைய 12 மில்லிமீட்டர் உளியையும் பக்கத்தில் வைத்திருக்கின்றோம். இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். பிளந்துபோன முதல் மரத்தின் பாதியிலிருந்து சிறு கிண்ணங்கள் தேறும் போலிருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கொட்டகை திறந்திருக்கும். உண்டியலை இன்று விழா முடிந்ததும் பொருளாளர் திறக்கிறார். அதன் வாய் சிறியது என்று முன்பே சொன்னோம். ரூபாய் நோட்டுகளை வெளியே எடுக்க ஒரு வளைந்த கம்பியும் செய்து வைத்திருக்கின்றோம்.